வெள்ளிக்கிழமை நின்ற இருமல்

மெத்தைக் கிடங்கு முதலாளிக்கு ஊசிக்காரர் தர வேண்டியிருந்த பாக்கி பதினாலாயிரத்து அறுநூறு. கிடங்கில் எல்லோருக்கும் பாக்கி உண்டு. பாக்கி இல்லாத ஆளை முதலாளி நம்பமாட்டார். "கடன் இல்லாதவன் காலையில வருவானா மாட்டானான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். செத்தால் மட்டும் கணக்கைத் தள்ளிவிடுவார். அதில் அவர் கௌரவமான மனிதர்.

எங்கள் வேலை பழைய மெத்தையைப் புதுசாக்குவது. ஆஸ்பத்திரியில் கழித்தது, விடுதியில் கழித்தது, ஆள் போன வீட்டிலிருந்து வந்தது என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் படுத்தவர் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். குட்டையா நெட்டையா, மல்லாந்து படுத்தவரா ஒருக்களித்துப் படுத்தவரா என்று ஊசிக்காரர் பார்த்ததும் சொல்லிவிடுவார். உறையைக் கிழித்து, கட்டி தட்டிப்போன பஞ்சைப் பிய்த்து, நான் மெஷினில் போட்டு அடிப்பேன். அது நுரைத்துக்கொண்டு வரும். அதைப் புது உறையில் திணித்து, முழ நீள ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கி முடிச்சுப் போடுவது அவர் வேலை.

சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வெளுத்து, இமை வெளுத்து, எல்லோரும் ஒரே கிழவனைப் பத்து அச்சு எடுத்த மாதிரி இருப்போம். எல்லோருக்கும் இருமல் இருந்தது. அதனால் ஊசிக்காரருடைய இருமல் வேறு மாதிரி ஆகிவிட்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது அவர் மனைவி. எதிர் வீடு எனக்கு. அண்ணி என்று கூப்பிடுவேன். குழாயடியில் துவைக்கும்போது அவருடைய துண்டில் சிவப்பைப் பார்த்தாள். கேட்டதற்கு, "ஈறுல ரத்தம். பல்லு விளக்கறப்ப வர்றது," என்றார். "பல்லே விளக்காத நாள்லயும் வருதே," என்றாள். அவர் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் பாக்கி ஏறும் என்பது அவர் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சந்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். சுகாதார இலாகாவுக்காக டிவி நாடகம் எடுக்கப்போகிறார்களாம். வீடு வீடாக உட்கார்ந்து, இருமலைப் பற்றிப் பேசச் சொல்லி, சின்ன மெஷினில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயர் கேட்கவில்லை. அண்ணி மனசில் இருந்ததையெல்லாம் அவர்களிடம் கொட்டிவிட்டாள். புருஷனிடம் சொல்லி எடுபடாததை வழிப்போக்கரிடம் சொல்வது சுலபம். வந்தவர்கள் டீ குடிக்காமல் போனார்கள் என்று அக்காவுக்குத்தான் கோபம். அக்கா என்றால் ஊசிக்காரருடைய அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு இருந்தாள். வாயை மூடாதவள். சந்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

மழைக்காலம் போய் வெயில் ஆரம்பித்தபோது நாடகமும் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை, ஏழரை மணிக்கு.

"ஏழரைக்கு வர்றது வேற எப்படி இருக்கும்? ஏழரையாத்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அக்கா முதல் ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

கதையில் ஒரு பஸ் டிரைவர். இருமுகிறான். துண்டை ஒளிக்கிறான். அவன் பெண்டாட்டி துண்டைக் கண்டுபிடித்து விரித்துக் காட்டுகிறாள்.

"இது என்ன?"

"ஈறுல ரத்தம். பல்லு விளக்கறப்ப வர்றது."

"பல்லே விளக்காத நாள்லயும் வருதே!"

நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். ஊசிக்காரர் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. டிவிக்குள் இருந்த டிரைவரும் தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியேதான் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருந்திருக்காங்க," என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்றார் ஊசிக்காரர்.

"ஆமா. உங்ககிட்ட சொன்னேன், நீங்க கேக்கல. அவங்க கேட்டாங்க," என்றாள் அண்ணி.

"ஊருக்கே சொல்லிட்டியே."

"பேரு சொல்லலையே."

"பேரு எதுக்குடி? இருமுற சத்தம் போதாதா?"

சத்தம் என்று அவர் சொன்னது சரிதான். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்துக்கு அதே நாடகம். சில வீட்டில் கேபிள், சில வீட்டுக் கூரையில் டிஷ் குடை. கேபிளில் முந்தி வரும், குடையில் பிந்தி வரும். சந்து முனையில் எல்லாம் கேபிள், போகப் போகக் குடை. டிரைவர் ஒரு தடவை இருமினால் அந்த இருமல் முனையில் கிளம்பி, ஒவ்வொரு வாசலாக நடந்து, கடைசி வீட்டுக்கு வந்து சேரும். கடைசி வீடு ஊசிக்காரருடையது. வந்து சேர்ந்ததும் அவரும் இருமுவார். அடக்கிப் பார்ப்பார். தலையணையை வாயில் வைத்துப் பார்ப்பார். என்ன செய்தாலும், தன் முறை வந்த மாதிரி அது வெளியே வந்துவிடும். வெளியே விளையாடுகிற பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து ஓவென்று கத்தும்.

சந்தில் அவரை டிரைவர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"என்ன டிரைவரே, வண்டி எப்ப கிளம்புது?" என்பார் பால்காரர்.

"டிக்கெட் எடுத்தியா? ஏறி உக்காரு," என்பார் இவரும். அவருக்கும் அது கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போனான். மறுநாளே இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "கட்டினவ நான் தலையால தண்ணி குடிச்சேன், அசையல. எவனோ டிரைவர் போனதும் போறாரு பாருங்க," என்று அண்ணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நாடகத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் அவர் அந்தப் படியை மிதித்திருக்கமாட்டார்.

சளியைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிடணும், தூசிப் பக்கம் போகக்கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்கணும் என்று நர்ஸம்மா சொன்னாள். வீட்டில் உட்கார்ந்தார். சில வாரத்தில் காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. பாக்கி பதினாறாயிரத்துக்கு ஏறியது.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. டிரைவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். டிவி முழுக்க இருட்டானது. நடுவில் வெள்ளையாக எழுத்து வந்தது. இருட்டு விலகினால், முகம் மழித்த டிரைவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிறான்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அண்ணி என்னைக் கேட்டாள். தொழிலாளர் சங்கத்து அறையில் ராத்திரியில் பெரிய ஆட்களுக்கு எழுத்துப் பாடம் நடந்தது. நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். முதல் எழுத்தைப் பிடித்து அடுத்ததுக்குப் போவதற்குள் எல்லாம் போய்விட்டது. டிவி எழுத்து பலகை எழுத்து மாதிரி நமக்காக நிற்காது.

"கம்பெனி பேரு போட்டிருப்பான்," என்றாள் அக்கா. "அதை விடு. ஆள் எப்படித் தேறிட்டான் பாரு!"

ஊசிக்காரர் எழுந்து நின்று மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். இருமல் வரவில்லை.

"எனக்கும் நின்னு போச்சு," என்றார்.

"நர்ஸம்மா ஆறு மாசம்னாங்களே," என்றாள் அண்ணி.

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்றது. இவங்க நம்ம வீட்டைப் பாத்து எடுத்திருக்காங்க. நான் பேசினதைப் பேசுறான், நான் திங்கிற மாதிரி திங்கிறான். எனக்கு எப்ப குணமாகும்னு தெரியாமயா இருக்கும்?"

அண்ணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மாத்திரைப் பட்டைகள் அலமாரி மேல் ஏறின. முதலாளியும் அந்த நாடகம் பார்க்கிறவர்தான். சனிக்கிழமை காலையிலேயே ஆள் அனுப்பினார்: "டிரைவரே வண்டி எடுத்துட்டான். இவனுக்கு என்ன நோகுதாம்?"

ஊசிக்காரர் அன்றைக்கே கிடங்குக்குத் திரும்பினார். அதன்பிறகு கொஞ்ச காலம் சந்தில் இருமல் இல்லை. டிரைவர் ஆரோக்கியமாக பஸ் ஓட்டினான். வாசல் வாசலாக நடந்து வர எதுவும் இல்லை. அந்த அமைதி எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

சத்தம் கிடங்கில் கேட்டது. ஊசிக்காரர் ஒரு பழைய மெத்தையைத் தடவிப் பார்த்து, "தம்பி, இங்க வா. இந்த ஆளு இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுத்திருக்கான். ராத்திரியெல்லாம் உக்காந்து உக்காந்து படுத்திருக்கான். பாரு, இங்க தனியா ஒரு பள்ளம்," என்றார்.

"யாரா இருக்கும்ணே?"

"யாரா இருந்தா என்ன? எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. அது நிற்கவில்லை. நான் அப்போது அடித்துக் குவித்திருந்த பஞ்சின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார். நிமிர்ந்தபோது வெள்ளைப் பஞ்சில் அது பூ மாதிரி கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சு அதை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டது.

அண்ணியும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. வேறு வேறு தெரு. நர்ஸம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நீங்க எப்ப மாத்திரையை நிறுத்துனீங்க?"

"டிரைவருக்கு நல்லாச்சு பாருங்க, அந்த வெள்ளிக்கிழமை."

"நீங்க?"

"அதே வெள்ளிக்கிழமைதாம்மா."

மூன்றாவது ஆளும் அதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் தாங்களாகவே தலையாட்டினார்கள். அத்தனை வீட்டில், ஒரே சாயங்காலம், ஒரே நேரத்தில் மாத்திரை அலமாரி மேல் ஏறியிருக்கிறது.

"ஆறு மாதங்களுக்குப் பிறகுன்னு பெரிசா எழுத்துப் போட்டாங்களே! யாருமே பாக்கலையா?"

கடைசியில் ஒரு மூட்டை தூக்குகிறவர், "எழுத்து வந்துச்சும்மா. போயிருச்சு," என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து சேதி மேலிடம் வரைக்கும் முன்னாடியே போயிருக்கிறது போல. ஜனங்களுக்குப் புத்தி சொல்ல, இலாகா ஆட்கள் அந்த டிரைவரையே கூட்டி வந்திருந்தார்கள். நடிகர் நல்ல சதைப்பற்றாக, வாசனையாக இருந்தார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமினார். பெஞ்சில் இருந்த அத்தனை நோயாளிகளும் சட்டென்று மூக்கை மூடிக்கொண்டார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

பேசி முடித்து அவர் ஓரமாக நின்றபோது அண்ணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க எப்படி அதுக்குள்ள தேறினீங்க?"

"எதுக்குள்ளம்மா?"

"மாத்திரை போட்டீங்க. இருட்டாச்சு. தேறிட்டீங்க."

"ஓ, அதுவா? காலையில இருமுற சீன் எடுத்தாங்க. மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் சிரிக்கிற சீன். நடுவுல ஷேவிங் பண்ணிக்கிட்டேன்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதான்."

பெஞ்சில் இருந்த ஊசிக்காரர், "கொடுத்து வச்சவன்," என்றார்.

நடிகருக்குச் சங்கடமாகிவிட்டது. "இனிமே அந்தத் தப்பு நடக்காதும்மா. கதையை மாத்திட்டாங்க. மாத்திரையை விட்டதால எனக்கு மறுபடி வந்துடுது. அடுத்த மாசம் நான் செத்துடறேன்," என்றார். சொல்லிவிட்டு, "டீ கிடைக்குமா?" என்று பக்கத்தில் கேட்டார்.

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. "வேணாம்ணே. சாக மாட்டேன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா? நான் நடிக்க வந்தவன். சாவுன்னா சாகணும்."

"மறுபடி மாத்திரை போட்டுப் பொழைச்சதாக் காட்டுங்களேன்."

"பொழைச்சா ஜனங்களுக்குப் பயம் வராதாம்."

"எங்க வீட்டுல வந்து பாருங்கண்ணே, பயத்துக்கு என்ன குறை?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். திரும்பி நடக்கும்போது கைக்குட்டையால் அதைத் துடைத்தார். டிவியில் ரத்தம் கக்குகிற மனிதர் எங்களைத் தொட்ட கையைத் துடைத்ததை அண்ணியும் பார்த்தாள்.

இந்தத் தடவை மாத்திரையும் கூட, காலமும் கூட. ஊசி மருந்து வேறு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிரைவர் மெலிந்துகொண்டே போனான். கண்ணுக்குக் கீழே மை தடவுகிறார்கள் என்று தெரியும். தெரிந்தாலும் அந்தக் கருப்பு மறுநாள் காலையில் ஊசிக்காரர் கண்ணுக்குக் கீழே இருந்தது. இருமல் திரும்பவும் முனையிலிருந்து கிளம்பி வாசல் வாசலாக நடந்து வந்தது. இப்போது பிள்ளைகள் கத்தவில்லை. கூப்பிடாமலே வீட்டுக்குள் போய்விட்டார்கள். பால்காரர் பாலை வைத்துவிட்டு நிமிராமல் போனார். டிரைவரே என்று யாரும் கூப்பிடவில்லை. அக்கா பேச்சைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டாள். ரேடியோ நின்ற வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை அண்ணி டிவி ஒயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"போடு," என்றார் ஊசிக்காரர்.

"மாட்டேன்."

"அவன் எப்படிப் போறான்னு பாக்கணும்டி."

"எங்க வேணா சாகட்டும். இந்த வீட்டுல அவன் சாகக் கூடாது."

விளக்குக்குக் கீழே நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். கருப்பு டிவியில் நாங்களே மங்கலாகத் தெரிந்தோம். ஏழரைக்கு நாடகத்துப் பாட்டு முனையில் தொடங்கி எங்களை நோக்கி வந்தது. டிரைவர் பேசுவது கேட்டது, பெண்டாட்டி அழுவது கேட்டது. அப்புறம் இருமல். நீளமான இருமல். முதல் வீட்டில் அது நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. அதற்கு அடுத்த வீட்டில். விளக்கை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டு வருகிற மாதிரி, வரிசையாக நின்றுகொண்டே எங்களை நோக்கி வந்தது. பக்கத்து வீட்டிலும் நின்றது. அடுத்தது நாங்கள்தான்.

ஊசிக்காரர் கழுத்தில் நரம்பு எழுந்தது. வாயைத் திறந்தார். அண்ணி மாத்திரையை அவர் நாக்கில் வைத்து, தண்ணீர்ச் செம்பை உதட்டோடு சேர்த்துப் பிடித்தாள். "முழுங்குங்க. எதையும் கேக்காதீங்க. முழுங்குங்க." தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் இருமவில்லை.

கதவைத் திறந்தபோது சந்தே வாசலில் நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, வந்திருந்தார்கள். பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு பெண் அழவே ஆரம்பித்திருந்தாள். ஊசிக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன எல்லாரும்? யாருக்கு என்ன ஆச்சு?"

"டிரைவரு போயிட்டாரு," என்றாள் அழுத பெண்.

"தெரியும். சத்தம் கேட்டுச்சு. போய்ச் சாப்பிடுங்க."

யாரும் நகரவில்லை. அவரே கதவைச் சாத்தினார். வெகுநேரம் வரை கதவுக்கு அடியில் அவர்கள் கால்களின் நிழல் தெரிந்தது.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். வாசலைத் தாண்டவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனிதரை அவர் பார்க்கவே இல்லை. அண்ணியிடம் மட்டும் மெதுவாகப் பேசினார்.

"கணக்கைத் தள்ளிட்டேன்மா. பத்து பைசா தர வேணாம். நல்ல மனுஷன்... எனக்கும் மனசு கேக்கல."

பதினாறாயிரத்துக்கும் மேலே. அண்ணி கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"தள்ளாதீங்க," என்றாள்.

"என்னம்மா?"

"செத்தவங்க கணக்கைத்தானே நீங்க தள்ளுவீங்க? உள்ள பாருங்க முதலாளி. கஞ்சி குடிக்கிறாரு. திரும்பிப் பாருங்கன்றேன்!"

அவர் திரும்பினார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய கால்களைத்தான் முதலில் பார்த்தார், தரையில் படுகிறதா என்று.

"அடிச்சதைத் திரும்ப எழுதுங்க. நான் வந்து ஊசி பிடிக்கிறேன். வாரா வாரம் கழிச்சுக்குங்க. எழுதுங்க. தம்பி, அவர் எழுதினதும் நீ படிச்சுச் சொல்லு."

முதலாளி சட்டைப்பையிலிருந்து கணக்குச் சிட்டையை எடுத்து எழுதினார். நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். படித்து முடிக்கும் வரை முதலாளி உட்பட எல்லோரும் பொறுமையாக நின்றார்கள். அக்கா மட்டும், "சத்தமாப் படி, சந்துக்கே கேக்கட்டும்," என்றாள். அவள் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

அண்ணி மூக்கு வரைக்கும் சேலையைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். முதல் வாரம் உள்ளங்கையெல்லாம் ஊசிக் குத்து. பிறகு பழகிவிட்டது. மெத்தையின் பள்ளத்தை அவள் தடவிப் பார்ப்பதே இல்லை. உறையை முகம் திருப்பிக்கொண்டு கிழிப்பாள். ஊசிக்காரர் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாத்திரை சாப்பிட்டார். வாந்தி எடுத்தார், சாப்பிட்டார். வேண்டாம் என்று வீசினார், அக்கா பொறுக்கிக் கொடுத்தாள், சாப்பிட்டார். ஏழரைக்கு வேறு நாடகம் வந்துவிட்டது, மாமியார் மருமகள் சண்டை. சந்து அதில் மூழ்கிப்போனது. ஆனாலும் தெருவில் அவரைக் கண்டால் இன்றைக்கும் சிலர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கணம் பார்ப்பார்கள்.

கடைசித் தவணையை அவரே கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து நடந்து வந்தார். நான் மெஷினை நிறுத்தினேன். முதலாளி பணத்தை எண்ணி உள்ளே வைத்தார், சிட்டையில் குறுக்கே கோடு இழுத்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

"எது முடிஞ்சுது?" அரைகுறை மெத்தையில் ஊசி குத்தியபடி, தலையைத் தூக்காமல் அண்ணி கேட்டாள்.

"பாக்கிம்மா. பாக்கியைத்தான் சொன்னேன்."

"முழுசாச் சொல்லுங்க."

முதலாளி எங்களையெல்லாம் பார்த்தார். எல்லோரும் வெள்ளையாக நின்றிருந்தோம். பஞ்சு இல்லாமல் நின்றது ஊசிக்காரர் ஒருத்தர்தான்.

"பாக்கி தீந்துது. ஆளு இருக்கான்," என்றார் முதலாளி.

அண்ணி நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.